பரணிக்குப் பிறகு

2012 ஜூலை 23ஆம் தேதி கான்பூரில் கேப்டன் லட்சுமி காலமானபோது ஒரு சிறு பத்திரிகையில் நான் அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. வங்கியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கட்டுரையை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தகவல்பிழை அதில் ஏதுமில்லை. வருஷங்களும் ஊர்களும் சரியாகவே இருந்தன. பிழை அதன் உருவத்தில் இருந்தது. துப்பாக்கி இருந்தது, சீருடை இருந்தது, பர்மாக் காடு இருந்தது. 'வீராங்கனை' என்ற சொல் பதினோரு தடவை இருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். 1945இல் அவர் பிரிட்டிஷார் கையில் பிடிபட்டதோடு என் கட்டுரையில் அவர் வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. மீதியிருந்த அறுபத்தேழு வருஷங்களுக்கு நான் ஒதுக்கியது ஒரு பாரா.

இதை எனக்குச் சுட்டிக்காட்டியது நம் விமர்சகர்களில் யாருமல்ல. எங்கள் கிளைக்குப் பென்ஷன் வாங்க வரும் ஒரு கிழவி. அவர் கணவர் மலேயாவில் நேதாஜியின் படையில் இருந்தவர். 1946இல் ஊர் திரும்பி, வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்து, 1972இல் மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தபோது மனுப் போட்டு, சிறையிருந்ததற்கு உடன் சிறையிருந்தவர்களைத் தேடி அலைந்து சான்று வாங்கி, கடைசியில் பென்ஷன் பெற்றுச் செத்தவர். மனைவிக்கு இப்போது குடும்பப் பென்ஷன். நவம்பர் மாதம் உயிர்ச்சான்று கொடுக்க அவர் வந்தபோது என் மேஜையில் அந்தப் பத்திரிகை கிடந்தது. படத்தைப் பார்த்து, "இது யாரு தம்பி?" என்றார்.

சொன்னேன். கூட்டமில்லாத மத்தியானம். என் எழுத்தைக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முழுவதையும் படித்தும் காட்டினேன். முடியும் மட்டும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அப்பறம்?" என்றார்.

"அப்பறம்னா, பாட்டி?"

"சண்டை முடிஞ்சுது. புடிச்சு வச்சிருந்துட்டு வுட்டுட்டான். அப்பறம் அந்தம்மா சோத்துக்கு என்னா பண்ணுச்சு?"

"டாக்டர் பாட்டி அவங்க. கான்பூர்ல வைத்தியம் பாத்தாங்க."

"அத எழுதலியே நீயி?" என்றார். பிறகு அவராகவே, "எங்க வூட்டுக்கு வந்தவங்கல்லாம் அந்த மூணு வருசத்தத்தான் கேப்பாங்க. முப்பது வருசம் கொடிக்கால்ல மண்ணு வெட்டுனத ஒருத்தரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டுப் பெருவிரலை நீட்டினார். ரேகை தேய்ந்திருந்தது. மூன்று முறை வைத்தும் சரியாக விழவில்லை.

'அப்பறம்?' என்பதைவிடக் கூர்மையான விமர்சனக் கேள்வியை நான் இதுவரை சந்தித்ததில்லை. படையை நடத்திய ஒருவர் அரசியலுக்கு வந்த வாழ்க்கையைத் தமிழில் நாம் எப்படிச் சொல்கிறோம், ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று அந்தக் கேள்வியை வைத்துப் பார்க்க முயல்கிறேன்.

2

நான் குடியிருப்பது தாராசுரத்தில். தறிச்சத்தம் ஓய்ந்த சாயங்காலங்களில் நண்பர்கள் நாலைந்து பேர் ஐராவதேசுவரர் கோயில் புல்வெளியில் உட்கார்ந்து பேசுவது வழக்கம். மழைக்காலத்தில் முன்மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றுவிடும். கல் தேரும் அதன் குதிரையும் தண்ணீரில் நிழலாடும். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில். அவன் அவைப் புலவர் ஒட்டக்கூத்தர். இந்த ஊர் வீரபத்திரர் கோயிலோடு கூத்தரைச் சேர்த்துச் சொல்லும் மரபு இன்றும் இருக்கிறது. அவர் எழுதிய தக்கயாகப் பரணி, வீரபத்திரர் தக்கன் வேள்வியை அழித்ததைப் பாடுவது. அதாவது நாட்டில் நடந்த போர் எதையும் பாடாத பரணி. பாடுவதற்குத் தோதான போர் குறைந்துபோன காலத்திலும் பரணி என்ற உருவம் கைவசம் இருந்திருக்கிறது. உருவம் இருந்தால் அதற்கு ஒரு போரைப் புராணத்திலிருந்தாவது எடுத்துக்கொள்ளலாம். இந்த மனோபாவம் நம்மிடமிருந்து இன்னும் போகவில்லை என்பதுதான் நான் சொல்லவருவது.

ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்று இலக்கணம். இந்த இலக்கணத்தில் வீரனுக்கு மறுநாள் கிடையாது. கலிங்கத்துப் பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். படையை நடத்திச் சென்றவன் கருணாகரத் தொண்டைமான். அவன் தாராசுரத்துக்கு அயலான் அல்ல. காஞ்சிபுரத்துக் கல்வெட்டு ஒன்று அவனைத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரிக்காரன் என்கிறது. திருநறையூர் என்பது இன்றைய நாச்சியார்கோயில். இங்கிருந்து சைக்கிளில் போய்வரலாம். ஆனால் பரணியின் பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் அல்லன், காஞ்சியில் இருந்த குலோத்துங்கன். தொண்டைமான் வென்ற யானைகளையும் செல்வத்தையும் கொண்டுவந்து அரசன் காலடியில் வைக்கிறான். அதோடு அவன் வேலை முடிந்தது. களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. அதன் பிறகு அவன் என்ன ஆனான்? நிர்வாகம் பார்த்தானா, வழக்குத் தீர்த்தானா, வரியைக் கூட்டினானா? பரணிக்கு அது விஷயமல்ல. நான் குறிப்பிட்ட அதே கல்வெட்டு, அவன் மனைவி கோயிலுக்கு விளக்கு வைத்த செய்தியைச் சொல்வது. 'அப்பறம்' என்பது கல்வெட்டில் ஒரு மூலையில் விளக்காக எரிகிறது, காவியத்தில் இல்லை.

பரணி மட்டமான இலக்கியம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெயங்கொண்டாரின் சந்தத்துக்கு முன்னால் நம் புதுக்கவிதையில் பாதி நொண்டுகிறது. பேய்களின் வாயில் போரைச் சொல்லவைத்த அவரது கிண்டலில் ஒரு தீர்க்கமான பார்வையும் இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தின் இலக்கிய உருவம் இன்னொரு காலத்தில் சிந்தனைப் பழக்கமாக இறுகிவிடும்போது, அது மறைப்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தாராசுரத்தில் இருந்த ஒரு துவாரபாலகர் சிலையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். இன்று அது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியர் தலைநகரான கல்யாணபுரத்தை எரித்துவிட்டு அங்கிருந்து கொண்டுவந்த சிலை. கொண்டுவந்த விஷயம் அதன் பீடத்தில் தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. அடிமைப்பட்ட காவற்காரன் அவன். வேறொரு வாசலைக் காத்தவனைத் தூக்கி வந்து தன் வெற்றியைக் காக்க நிறுத்தியிருக்கிறான் சோழன். நாம் நம் காலத்துப் படைத்தலைவர்களை வைத்துக்கொள்வதும் இப்படித்தான். அவர்கள் எந்த வாசலைக் காத்தார்கள் என்பது நமக்கு முக்கியமில்லை. நம் வாசலில் கம்பீரமாக நிற்க வேண்டும். பீடத்தில் நம் பெயர் இருக்க வேண்டும்.

3

லட்சுமியின் வாழ்க்கையைப் பரணிக்கு வெளியே நின்று சொல்லிப்பார்க்கிறேன்.

பிறந்தது 1914 அக்டோபர் 24, சென்னையில். தகப்பனார் சுவாமிநாதன் வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் பிற்பாடு அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். சிறுபிராயத்தில் கேரளத்தில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது, நிழல் பட்டாலே தீட்டு என்று பாட்டி சொன்ன மலைவாசிச் சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்து விளையாட அழைத்துப்போன சம்பவத்தை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம். 1940இல் சிங்கப்பூர். அங்கே தனியாக வைத்தியம், பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர்களுக்கு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்து, பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றார். பொறுப்பை ஏற்று, தொழிலை நிறுத்திவிட்டு லட்சுமி போனார்.

இங்கேதான் நம் கட்டுரைகளெல்லாம் குதிரையேறிவிடுகின்றன. நான் நிதானிக்க விரும்புகிறேன். 1943 அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு சிங்கப்பூரில் பிரகடனம் செய்யப்பட்டபோது அதன் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் லட்சுமி. மகளிர் நலம் அவர் இலாகா. மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. ஆக, சிப்பாயாவதற்கு ஒருநாள் முன்பே அவர் மந்திரி. 'படைத் தலைவராயிருந்து அரசியல்வாதியானவர்' என்ற வாய்ப்பாடு அவர் விஷயத்தில் ஆரம்பத்திலேயே உடைந்துவிடுகிறது. அவரை அழைத்த போஸும் காங்கிரஸ் தலைவர் நாற்காலியில் 1938இலும் 1939இலும் உட்கார்ந்துவிட்டு அப்புறம் சீருடை அணிந்தவர்தான். அந்தப் படையில் ராணுவம் என்பது அரசியலுக்கு முந்திய பருவமல்ல. அரசியலின் ஒரு வடிவம்.

அவருக்குக் கீழே யார் இருந்தார்கள்? பெரும்பான்மையோர் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கங்காணியோடு போனவர்களின் பிள்ளைகள். பலர் இந்தியாவைப் பார்த்ததுகூடக் கிடையாது. பார்க்காத ஒரு நாட்டுக்காகச் சாகப் பெயர் கொடுத்தார்கள் என்று எழுதினால் அது பரணி வரி. தோட்டத்தில் கங்காணிக்கும் துரைக்கும் புருஷனுக்கும் அடங்கிக் கிடந்தவளுக்கு ஒரு சீருடையும் ஒரு வரிசையும் தன் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு குரலும் கிடைத்தன என்று எழுதினால் அது வேறு. இரண்டாவதை நான் நம்புகிறேன்.

களத்தைப் பொறுத்தவரை உண்மை சிறியது. இம்பால் போர்முனைக்குப் போக அவர்களுக்கு வாய்க்கவில்லை. பர்மாவில் மேமியோ வரை சென்றார்கள், ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைப் பார்த்தார்கள், 1945இல் பின்வாங்கினார்கள். யானை ஒன்றும் விழவில்லை. பரணி இலக்கணப்படி இவர்களைப் பாடமுடியாது. பாட முடியாததால்தான் நம் கட்டுரைகள் இவர்களைப் போர்முனைக்கு அனுப்பிவைக்கின்றன. நானும் அனுப்பியிருந்தேன் - ஒரு மழுப்பலான வாக்கியத்தில்.

அப்புறம்? 1946 மார்ச்சில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் சகலைத் திருமணம் செய்துகொண்டார். செங்கோட்டை விசாரணையில் நின்ற மூவரில் ஒருவர் சகல். சுதந்திர இந்தியாவின் ராணுவம் ஐ.என்.ஏ.க்காரர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. சகலுக்குக் கான்பூரில் மில் வேலை. லட்சுமி அதே ஊரில் வைத்தியம் பார்த்தார். முதலில் வந்தவர்கள் பிரிவினை அகதிகள். அடுத்த இருபத்துநாலு வருஷம் அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வெள்ளமாக வந்தபோது எல்லை முகாம்களுக்குப் போய் வைத்தியம் செய்தார். அந்தக் காலகட்டத்தில்தான் மார்க்ஸிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், மாநிலங்களவைக்குப் போனார். 1981இல் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். 1984இல் கான்பூரில் சீக்கியர்களைத் தாக்க வந்த கும்பலுக்கு எதிரே தெருவில் நின்றார். அதே வருஷம் டிசம்பரில் போபாலுக்கு வைத்தியக் குழுவை அழைத்துப்போனார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் காலையில் டிஸ்பென்சரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார். இறந்த பின் உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

இந்த வரிசையை ஒருமுறை திரும்பப் பாருங்கள். படையிலிருந்து அரசியலுக்கு அவர் வந்த வழி பதவி அல்ல, மேடை அல்ல, விருது அல்ல. டிஸ்பென்சரி. சிங்கப்பூர் தொழிலாளி, மேமியோவின் காயம்பட்ட சிப்பாய், கான்பூர் அகதி, எல்லை முகாம், போபால் - ஒரே வேலைதான் நடந்திருக்கிறது. நடுவில் மூன்று வருஷம் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி. வாழ்க்கையின் நூல் டாக்டர். நாம் பிடித்துக்கொண்டது 'கேப்டன்'. உண்மையில் படையில் அவர் அதற்கு மேல் லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தார். அந்த உயர்வைக்கூட நாம் கண்டுகொள்ளவில்லை. வாயில் ஏறிய சொல் ஏறியதுதான்.

அவருக்கு அடுத்த நிலையில் படையை நடத்திய ஜானகியின் கதை இன்னொரு கிளை. கோலாலம்பூர்ப் பெண். போஸின் கூட்டத்தில் காதுத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பதினெட்டு வயதில் படைக்குப் போனவர். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது அதில் இருந்தார், பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினர், 2014இல் இறந்தார். தமிழச்சி. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அவர் பெயரை நான் பார்த்தது மிகக் குறைவு. கப்பலேறிப் போனவர்கள் திரும்பி வந்தால்தான் நமக்குக் கணக்கு.

4

இலக்கியத்துக்கு வருகிறேன். இந்த உலகத்தைத் தமிழில் எழுதிய ஒரே பெரிய கலைஞன் ப. சிங்காரம். 'புயலிலே ஒரு தோணி' (1972) பற்றி நம் வட்டத்தில் எழுதப்பட்டதும் பேசப்பட்டதும் நிறைய. சரியாகவே. மெடானில் வட்டிக்கடைக் கணக்கெழுதிய பாண்டியன் ஐ.என்.ஏ. லெப்டினன்டாகி, யுத்தம் முடிந்த பின்னும் நிற்க இடமில்லாமல் இந்தோனேசியப் போராட்டத்தில் கலந்து முடிந்துபோகிறான். எதையும் நம்பாத கூர்ந்த புத்தி, வீரத்தின் நடுவே வீரத்தைப் பார்த்துச் சிரிக்கும் குரல் - இவை தமிழ் உரைநடைக்கு அவர் தந்தவை. பரணியின் பேய்ச்சிரிப்பை நாவலுக்குக் கொண்டுவந்தவர் என்றுகூட அவரைச் சொல்லலாம்.

ஆனால் பாண்டியனுக்கு மறுநாள் இல்லை. சிங்காரம் அவனுக்கு அதைத் தர மறுக்கிறார். அவன் கிழவனாகி ரேஷன் கடை வரிசையில் நிற்பதை நம்மால் கற்பனை செய்ய முடியாது. நாவல் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நாம் அவன்மேல் கொண்ட மோகத்துக்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று சந்தேகிக்கிறேன். கிண்டல் பேசும் வீரனும் வீரன்தான். இளமையில் செத்துப்போனால் கறை படியாது. பரணியைக் கேலி செய்துகொண்டே பரணிக்குள் இருந்துவிடலாம்.

அதே சிங்காரம் எழுதி 1959இல் வெளியான 'கடலுக்கு அப்பால்' நாவலை நம்மில் பலர் 'தோணி'க்கு ஒத்திகை என்று ஒதுக்கிவிட்டோம். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. செல்லையா யுத்தத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறான். பழைய வட்டிக்கடை, பழைய முதலாளி, முதலாளியின் மகள் மரகதம். துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேடு பிடிக்காது, அவன் தொழிலுக்கு ஆகமாட்டான் என்று முதலாளிக்குத் தோன்றிவிடுகிறது. பெண் கிடைக்கவில்லை. இவ்வளவுதான் கதை. இதில் அந்தக் கிழவியின் 'அப்பறம்?' முழுசாக இருக்கிறது. முதலாளி கொடியவர் அல்ல. வரவு செலவு பார்க்கிற மனிதர். பேரேட்டின் நியாயம் அவருடையது. தினமும் பேரேட்டின் நியாயத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவரை வெறுக்க முடியவில்லை. வீரத்தைத் தூக்கிப் பேசுகிற சமூகம் வீரனுக்கு வேலை கொடுக்காது, பெண் கொடுக்காது - இதை ஆர்ப்பாட்டமே இல்லாமல் சொன்ன நாவல் தமிழில் இது ஒன்றுதான். மொழியில் 'தோணி'யின் வீச்சு அதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விஷயத்தின் கடுமையை எதிர்கொண்டதில் முந்தியது பிந்தியதைவிட முதிர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

சிங்காரத்திடம் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அவர் உலகம் ஆண்களின் உலகம். பெண்கள் பெரும்பாலும் அவர்களுடைய நினைவிலும் இரவிலும் வந்துபோகிறவர்கள். அதே ஊர்களில், அதே மாதங்களில் ரைபிளோடு வரிசையில் நின்ற தமிழ்ப் பெண்களுக்கு அவர் கதையில் ஓர் ஆள் அளவுக்குக்கூட இடம் அமையவில்லை. லட்சுமியின் நினைவுக்குறிப்பு 1997இல் வந்தது, ஆங்கிலத்தில். தோட்டத்துப் பெண்ணின் பக்கத்திலிருந்து தமிழில் அப்படியொரு பெரிய படைப்பு நம் கையில் இல்லை. இது நம் மொழியின் கணக்கில் இருக்கும் பாக்கி.

5

இனி நம் அரசியல் பாஷை. தமிழ்நாட்டு அரசியலில் நிஜமான படைத்தலைவர்கள் அபூர்வம். படைத்தலைவர் பட்டங்களோ தெருவுக்குத் தெரு. தளபதி, போர்வாள், படைத்தளபதி, பாசறை, களம், அணிவகுப்பு. நிஜமாகவே சிப்பாயாயிருந்து இந்தப் பட்டத்துக்கு வந்தவர் ஒருவர் இந்தக் காவிரிப் பக்கத்தில் உண்டு. பட்டுக்கோட்டை அழகிரிசாமி. முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையை நடத்தினார். கூட நடந்தவர்களில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் ஒருவர். அந்தப் 'படை'யிடம் ஆயுதம் கிடையாது. நடையும் பாட்டும் பேச்சும்தான். ராணுவத்தின் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டு துப்பாக்கியை விட்டுவிட்ட அந்தக் காரியத்தில் ஒரு அழகு இருக்கிறது. பட்டம் அவருக்குப் பொருந்தியது. பிறகு பட்டம் ஆளைவிட்டுத் தனியே கழன்று வந்து வாரிசுகளுக்கும் நடிகர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் 'கேப்டன்' என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நினைவு வருவது 1991இல் வந்த ஒரு சினிமாவும், அதன் நாயகர் 2005இல் தொடங்கிய கட்சியும். அவர் மேல் எனக்குக் காழ்ப்பு ஏதுமில்லை. ஒரு சொல் எப்படிக் காலியாகி எப்படி நிரம்புகிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

2002இல் இது உச்சத்துக்குப் போனது. ஜனாதிபதித் தேர்தலில் இருவர். ஒருவர் ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். மற்றவர் சென்னையில் பிறந்த லட்சுமி, நான்கு இடதுசாரிக் கட்சிகளின் வேட்பாளர். வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. தோல்வி முன்பே தெரிந்தது. தெரிந்துகொண்டு நிற்பதும் அரசியல்தான். எனக்கு அப்போது பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் கலாம் படம் ஒட்டினோம். இன்று யோசிக்கையில் ஒரு விசித்திரம் படுகிறது. ராணுவத்தில் ஒருநாளும் இல்லாத விஞ்ஞானியை ஏவுகணையின் பெயரால் கொண்டாடினோம். ராணுவத்தில் இருந்த பெண்மணி வறுமையையும் மதவெறியையும் பற்றிப் பேசியபோது, 'அந்தக் காலத்து வீராங்கனை' என்று ஒரு கும்பிடு போட்டு உட்காரவைத்துவிட்டோம். அவருடைய அரசியலை மறுக்கக்கூட இல்லை. மறுப்பது ஒரு மரியாதை. அதைச் செய்யாமல் இருக்கத்தான் அஞ்சலி.

6

நண்பர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள் என்று தெரியும். கட்சிக்காரர்கள் எழுத வேண்டிய புகழ்மாலையை நீ விமர்சனம் என்ற பெயரில் எழுதுகிறாயா என்று. இல்லை. பரணியை ஒதுக்கிவிட்டால் புகழ்வது எளிதாகாது, கடினமாகும்.

ஒரு தேதியைச் சொல்கிறேன். சயாம்-பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் வந்து சந்தித்தது 1943 அக்டோபர் 17. அந்தப் பாதையில் ஜப்பானியர் கொண்டுபோய்ப் போட்ட மலேயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' அதைச் சொல்லும் நாவல். ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 22, அதே ஜப்பானியரின் ஆதரவில் நின்ற அரசின் கீழ் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. அப்பன் ரயில் பாதையில், மகள் முகாமில் என்று ஒரு குடும்பம் இருந்திருக்க முடியும். இந்த இரண்டு தேதிகளையும் ஒரே பக்கத்தில் எழுதாத எந்தக் கட்டுரையும் - என்னுடையது உட்பட - பாதிப் பொய். லட்சுமியின் நேர்மை மீது எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நேர்மையான மனிதர்கள் எந்தக் குடையின் கீழ் நின்றார்கள் என்று கேட்பது அவர்களை அவமதிப்பதாகாது.

இன்னொரு உதாரணம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஜப்பானியரிடம் பயிற்சி பெற்ற பர்மிய இளைஞர் முப்பது பேரில் ஆங் சான் ஒருவர், நே வின் ஒருவர். ஆங் சான் சீருடையைக் கழற்றிவிட்டு அரசியலுக்கு வந்தார். 1947 ஜூலை 19ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். நே வின் சீருடையைக் கழற்றாமலே 1962 மார்ச் 2ஆம் தேதி அரசியலுக்கு வந்தார். கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, தலைமுறையாக அங்கிருந்த தமிழர்கள் கையில் மூட்டையோடு கப்பலேறினார்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் பர்மா காலனி இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள்.

லட்சுமி போர்க்காலத்தில் வேலை பார்த்த அதே பர்மாதான் இது. படைத்தலைவர் அரசியலுக்கு வருவது தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. எதைக் கழற்றிவிட்டு வருகிறார் என்பதுதான் கேள்வி. லட்சுமி ராணுவத்திலிருந்து கொண்டுவந்தது கட்டளையிடும் பழக்கத்தையா, அல்லது வரிசையில் கடைசியில் நிற்பவளின் பெயர் தெரிந்துவைத்திருக்கும் பழக்கத்தையா? 1971க்குப் பிந்திய அவர் வாழ்க்கை இரண்டாவது என்று சொல்கிறது. நே வினுடையது முதலாவது. இரண்டையும் 'வீரர் அரசியலுக்கு வந்தார்' என்ற ஒரே வாக்கியத்தில் எழுதிவிட முடிகிறது என்றால் அந்த வாக்கியத்தில் ஏதோ கோளாறு.

7

நான் கேட்பது பெரிய காரியமல்ல. இந்த வாழ்க்கைகளை எழுத நமக்கு ஓர் உரைநடை வேண்டும். யானைகளை எண்ணாத உரைநடை. கான்பூரில் 1947க்கும் 1971க்கும் இடையே, கட்சியும் கொடியும் சீருடையும் இல்லாத இருபத்துநாலு வருஷம், ஒரு பெண் டாக்டர் தினமும் காலையில் கதவைத் திறந்து உட்கார்ந்தார். நாடகமே இல்லாத அந்தக் காலத்தை ஒரு பக்கமாவது அலுப்புத் தட்டாமல் எழுதத் தெரிந்தவன்தான் அதற்கு முந்தைய மூன்று வருஷத்தையும் பொய்யில்லாமல் எழுத முடியும். என்னால் இன்னும் முடியவில்லை. மேலே மூன்றாம் பகுதியில் நான் செய்திருப்பது பட்டியல்தான் என்பது எனக்குத் தெரியும். சிங்காரத்தின் செல்லையா பழைய கடைக்குள் திரும்ப நுழையும் பக்கங்களை நம் நண்பர்கள் மறுபடி படித்துப்பார்க்க வேண்டும். படித்துவிட்டு என்னை மறுத்து எழுதட்டும்.

அந்தக் கிழவி அதற்குப் பிறகும் சில நவம்பர்கள் வந்தார். பெருவிரல் விழாமல் போய், விதிகளில் இருந்த வேறொரு வழியைத் தேடிப் பிடித்துச் சான்றை முடித்தேன். ஒருமுறை, "எழுதிட்டியா தம்பி?" என்று கேட்டார். "இன்னும் இல்ல, பாட்டி" என்றேன். "கெடக்குது போ, மொதல்ல பணத்தக் குடு" என்றார்.